மாயக் கதை பேசும் கூட்டமும் கடைசி பஸ்ஸும்

கேள்வி: நோர்வூட்டுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 26. உயர்தரம் படித்த காலத்திலிருந்தே டிராகன்களும் மந்திரவாதிகளும் வேற்றுலக அரசுகளும் வரும் ஃபேன்டசி நாவல்களைத்தான் விரும்பி வாசிக்கிறேன். அவற்றைப் பற்றி மனம்விட்டுக் கதைப்பதற்கு இங்கே ஒருவரும் இல்லை. இத்தகைய நாவல்களை வாசிப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கண்டியில் ஒரு கோப்பிக் கடையில் கூடுகிறார்கள் என்று, கல்வியியற் கல்லூரியில் என்னுடன் படித்த தோழி சொன்னாள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கதைப்பார்களாம். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும் அளவுக்குப் பேச வராது. பெரிய தொடர்கள் எதையும் கடைசிவரை முடித்ததும் இல்லை. அம்மாவோ, "முன்பின் தெரியாத ஆட்களோட கதப் புத்தகத்தப் பத்திப் பேசுறதுக்குக் கண்டி வரைக்கும் போகணுமா?" என்று கேட்கிறார். நான் போகலாமா? இல்லாவிட்டால் ஹட்டனிலேயே இப்படியொரு கூட்டத்தைத் தொடங்குவது நடக்கக்கூடிய காரியமா? கண்டியில் சிலர் கதைமாந்தர்களைப் போல உடுத்திக்கொண்டும் வருவார்களாம். நான் எதை உடுத்திக்கொண்டு போவது என்பதுகூடத் தெரியவில்லை.

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கட்டாயம் போய்வாருங்கள். ஆனால் ஒரே ஒரு முறை போய்விட்டு, அது நமக்குச் சரிவராது என்றோ இதுதான் நம்முடைய இடம் என்றோ தீர்மானித்துவிடாமல், மூன்று கூட்டங்களுக்காவது போவது என்று இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலையகப் பொது நூலகம் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்து, அதன் வாசகர் வட்டத்தையும் நடத்தி வருபவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். புதிதாக வரும் எவரும் முதல் நாளில் கூட்டத்தைப் பார்ப்பதில்லை, தம்மைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கே உட்காருவது, பையை மடியில் வைப்பதா கீழே வைப்பதா, எல்லோரும் சிரித்த இடத்தில் நாமும் சிரித்தோமா என்பதிலேயே அந்த இரண்டு மணித்தியாலமும் கழிந்துவிடும். அன்று மனத்தில் பதிவது கூட்டத்தின் குணமன்று, நம்முடைய கூச்சம் மட்டுமே.

எனக்கும் அது நடந்தது. நூலக உதவியாளராகச் சேர்ந்த புதிதில், வேறொரு நகரில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பிளேன்டீ வந்தது, இஞ்சி பிஸ்கட்டும் வந்தது, பெயர் என்னவென்று கேட்க மட்டும் ஒருவரும் வரவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. பின்னொரு நாள் அக்கூட்டத்தை நடத்தியவர்களில் ஒருவரைச் சந்தித்தபோது, பேச்சாளர் ஒருவருக்குத் துணையாக வந்த உறவுக்காரப் பெண் என்று என்னை நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். கேட்காதது அவர்களுடைய பிழைதான். ஆனாலும் வாசலில் நின்ற யாரிடமாவது, "நான் புதிதாக வந்திருக்கிறேன், கதைகள் வாசிப்பேன்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தேனானால் அந்த இரண்டு வருடமும் வீணாகியிராது. ஆகவே, போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே, தோழியின் மூலமாவது அக்கூட்டத்தை நடத்துபவருடைய இலக்கத்தைப் பெற்று, உங்கள் பெயரையும் நீங்கள் வரப்போவதையும் சொல்லி ஒரு சிறு செய்தி அனுப்பிவிடுங்கள். பெயர் தெரிந்த ஒருவர் அங்கே உங்களை எதிர்பார்த்திருந்தால், அந்தக் கடையின் கதவைத் திறப்பது அவ்வளவு பாரமாக இராது.

அந்தச் செய்தியிலேயே சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதம் எல்லோரும் ஒரே நாவலை வாசித்து வர வேண்டுமா, அல்லது அவரவர் வாசித்ததைப் பற்றிக் கதைக்கலாமா என்பது ஒன்று. ஒரே நாவல் என்றால் எந்த அத்தியாயம் வரை பேசுவார்கள் என்பதையும் கேளுங்கள். இத்தகைய கதைகளில் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாதி இன்பம் போய்விடும் என்பதால், நல்ல கூட்டங்களில் இதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கும், அதைக் கேட்பதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். இன்னொன்று, அது வாசிப்புக் கூட்டமா விளையாட்டுக் கூட்டமா என்பது. 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டையும் அதைப் போன்றவற்றையும் ஆடுவதற்காகவே கூடுபவர்கள் உண்டு. ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இருபது முகமுள்ள பகடையை உருட்டி அந்தப் பாத்திரத்தின் கதியைத் தீர்மானிப்பார்கள். அது மிகவும் சுவையான விளையாட்டுத்தான். ஆனால் மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கும், நடுவில் எழுந்து போனால் மற்றவர்களின் ஆட்டமும் குழம்பும். நோர்வூட்டுக்குத் திரும்ப வேண்டிய ஒருவர் அதற்கு முதல் நாளிலேயே உட்காரக் கூடாது. செலவு பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். கோப்பிக் கடைக் கூட்டங்களில் அவரவர் குடித்ததற்கு அவரவர் பணம் கொடுப்பதே வழக்கம் என்றாலும், பில்லை எல்லோருக்குமாகப் பிரிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு தேநீர் மட்டும் குடித்த ஆசிரியை மூன்று பேருடைய கேக்குக்கும் பங்கு கொடுக்க வேண்டி வந்தால் மறுமாதம் போக மனம் வராது.

இனி, உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகும் விடயத்துக்கு வருகிறேன், அது பஸ். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று கண்டிக்குப் போய்ச் சேர இரண்டரை, மூன்று மணித்தியாலமாவது ஆகும். அதற்கு முன்னே நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு வரும் பயணம் வேறு. பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் கூட்டம் ஐந்துக்கு முடியும் என்பார்கள், ஐந்தரைக்குத்தான் எழுந்திருப்பார்கள், அதன் பிறகு கடை வாசலில் நின்றுகொண்டு இன்னும் கால் மணித்தியாலம் கதைப்பார்கள், அதுதான் கூட்டத்தின் மிகச் சிறந்த பகுதியாகவும் இருக்கும். அதை நம்பி நின்றால் நீங்கள் ஹட்டனில் வந்து இறங்குவது எட்டரை மணிக்குப் பிறகு. எனவே வீட்டிலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போடாமல், ஹட்டனிலிருந்து உங்கள் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அந்தக் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஓடாமல் விடுவதும் உண்டு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்கு முந்தியதை நம்புங்கள். கணக்கின்படி நாலரைக்கு எழுந்திருக்க வேண்டுமானால், உட்கார்ந்த உடனேயே, "நான் ஹட்டன் பக்கமிருந்து வருகிறேன், நாலரைக்குப் புறப்பட வேண்டும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். முன்னரே சொன்னவர் எழுந்து போனால் பயணம் என்று எண்ணுவார்கள். சொல்லாமல் எழுந்தால் பிடிக்கவில்லை என்று எண்ணுவார்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் சிறு விடயமன்று. டிசெம்பர் மாதப் போயாவிலிருந்து (பௌர்ணமி நாள்) வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் என்பதால், வார இறுதிகளில் ஹட்டன் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமிருக்காது. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் போகும் பஸ்கள் யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும்போது உள்ளூர்ச் சனம் படும் பாட்டை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கண்டியில் எசல பெரஹெரா நடக்கும் நாட்களில் பிற்பகலிலேயே நகருக்குள் வீதிகளை மூடிவிடுவார்கள். அந்தக் கிழமைகளில் போக வேண்டாம். கடும் மழைக் காலத்தில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா அல்லது கண்டி மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். எச்சரிக்கை இருந்தால் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். கதை எங்கேயும் ஓடிவிடாது.

பெரிய தொடர்களை முடிக்கவில்லை என்று ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல எழுதியிருக்கிறீர்கள். நூலகத்தில் இரவல் பெற்ற புத்தகங்களின் திகதிச் சீட்டை இத்தனை வருடமாகப் பார்த்து வருபவள் சொல்கிறேன்: இத்தகைய தொடர்களில் முதல் பாகம் கிழிந்து தைத்திருக்கும், மூன்றாம் பாகம் புதிதாகவே இருக்கும். எல்லாவற்றையும் முடித்தவர்களைவிட முடிக்காதவர்களே என்றும் அதிகம். ஆனாலும் எந்த இரசிகர் கூட்டத்திலும் ஒருவராவது, "ஐயோ, இதைக்கூட வாசிக்கவில்லையா?" என்று கேட்பவர் இருப்பார். அவரிடம் மன்னிப்புக் கேட்காதீர்கள். வாசித்ததாகப் பாவனையும் செய்யாதீர்கள். "இன்னும் இல்லை, அதில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?" என்று திருப்பிக் கேளுங்கள். பரீட்சை வைக்க வந்தவர் பெரும்பாலும் அந்த இடத்தில் வாசகராகிவிடுவார். தாம் நேசிக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தால் வேண்டாம் என்பவர் எவருமில்லை. அப்படியும் ஆகாமல், மூன்று மாதமும் உங்களைப் பரீட்சிப்பதிலேயே அக்கூட்டம் இன்பம் காணுமானால், அது வாசகர் கூட்டமன்று, விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆங்கிலப் பேச்சைப் பற்றிய உங்கள் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. வாசிக்கும் ஆங்கிலமும் பேசும் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று தூரத்து உறவுதான். போகும் முன், நீங்கள் மிகவும் விரும்பிய ஒரு நாவலைப் பற்றி ஆறேழு வசனங்களை எழுதி, வாய்விட்டு இரண்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள். முதல் நாளுக்கு அது போதும். சொல் வராத இடத்தில் தமிழிலோ சிங்களத்திலோ சொல்லுங்கள். கண்டியில் ஒரு மேசையைச் சுற்றியிருக்கும் பன்னிரண்டு பேரில் மூன்று மொழியும் கலந்துதான் இருக்கும். உங்களுடைய தடுமாற்றத்தைக் கேட்ட பிறகுதான் தம்முடைய தடுமாற்றத்தோடு வாய் திறப்பதற்கு இன்னொருவருக்குத் துணிச்சல் வரும். இதை எங்கள் வாசகர் வட்டத்தில் பல முறை பார்த்திருக்கிறேன்.

மொழியைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நீங்கள் வெறுங்கையோடு போகவில்லை. மாசி மாதத்தில் உங்கள் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுவார்களானால், சிவனுடைய நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவதையும் ரதி அழுது புலம்புவதையும், குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய இருந்து பார்த்திருப்பீர்கள். அர்ச்சுனன் தபசுக் கூத்தில், பாசுபதம் பெறுவதற்காக அர்ச்சுனன் வேடமிட்டவர் உயரமான தபசு மரத்தில் பாட்டுப் பாடிப் பாடி ஏறுவார். கீழே நிற்கும் நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம், விழுந்துவிடுவாரோ என்ற பயமும் வரம் கிடைத்துவிட வேண்டும் என்ற தவிப்பும் ஒன்றாகவே இருக்கும். பொன்னர் சங்கர் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரே கூடி ஒரு மாய உலகத்துக்குள் இரவு முழுவதும் இருந்துவிட்டு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போன சனத்தின் பிள்ளைகள் நாம். ஃபேன்டசி வாசகர்கள் ஓர் இடத்தில் கூடுவது கண்டிக்கு இப்போது வந்த நாகரிகமாக இருக்கலாம்; தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்கு அது பழைய சங்கதி.

இன்னும் பின்னோக்கிப் போனால், மணிமேகலையைத் தூக்கத்திலேயே எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது ஒரு தெய்வம். வேற்றுருக் கொள்ளவும் வான்வழியே செல்லவும் பசியைப் போக்கவும் மூன்று மந்திரங்களையும் கற்பிக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் அங்கே அவளுக்குக் கிடைக்கிறது. மந்திரமும் மாயப் பாத்திரமும் கடல் நடுவே ஒரு தீவும் கொண்ட அந்தக் கதையை, பரீட்சைக்காகப் பாடமாக்கிய காரணத்தால் நாம் இலக்கியம் என்ற அலுமாரியில் பூட்டிவைத்துவிட்டோம். அம்புலிமாமாவில் நம் பெற்றோர் வாசித்த விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளின் மூலத்தை, 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் வடமொழியில் எழுதிய கதாசரித்சாகரத்தில் காணலாம். கூட்டத்தில் இருக்கும் சிங்கள நண்பர்களிடம் குவேனியைப் பற்றிக் கேளுங்கள். இலங்கைக்கு வந்த இளவரசன் விஜயனின் ஆட்களில் ஒருவன், நாய் உருவில் வந்த யட்சிணியைப் பின்தொடர்ந்து போனபோது குவேனி மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்கிறது மகாவம்சம். எந்த நாட்டு மாயக் கதைக்கும் பொருத்தமான தொடக்கம் அது. இராவணனுடைய பறக்கும் வாகனத்தைத் தண்டு மொணர என்பார்கள் அவர்கள். நீங்கள் சீதா எலிய கோயிலைப் பற்றிச் சொல்லலாம். இந்த மேசைக்கு இவற்றைக் கொண்டுவரக்கூடியவர் அனேகமாக நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

இந்த இடத்தில் என்னுடைய ஒரு பழைய மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். மலையக இலக்கியக் கூட்டங்களில் ஃபேன்டசி என்ற மிகுபுனைவுக்கு நாற்காலி கிடைப்பது அரிது. அதற்குக் காரணமில்லாமல் இல்லை: சம்பளமும் குடியுரிமையும் காணியும் மறுக்கப்பட்ட ஒரு சமூகம், நடந்ததை நடந்தபடி எழுதுவதையே முதற் கடமையாக எடுத்துக்கொண்டது, அந்த எழுத்து இல்லையென்றால் நமது கதை பதிவாகியே இராது. ஆனால் அதனாலேயே, டிராகன் வரும் நாவலைக் கையில் வைத்திருக்கும் இளைஞரைப் பார்த்து, "சின்னப் பிள்ளைக் கதையா?" என்று கேட்கும் பழக்கமும் வந்துவிட்டது. எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு பையன் தொடர்ந்து மூன்று மாதம் வந்து வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் போனான். நான்காம் மாதம் பாடசாலைக் கொப்பியிலிருந்து நடுத்தாள் ஒன்றைக் கழற்றி என் மேசையில் வைத்தான். அவனுடைய தோட்டத்தின் வரைபடம் அது. ஆனால் ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையை அவன் புகை கக்கும் கோட்டை என்று எழுதியிருந்தான். ஐந்தாம் நம்பர் மலை திரும்பி வராதோர் காடு. துரை பங்களாவுக்குப் போகும் வளைவுக்கு ஏழு தலை என்று பெயர். அவன் வீட்டு லயத்துக்கு மட்டும் பெயர் எழுதாமல் ஒரு சிறு விளக்கு வரைந்திருந்தான். இதைவிட நேராக ஒரு தோட்டத்தைச் சொன்ன யதார்த்தக் கதை எத்தனை இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டேன். வட்டத்தில் அதை எல்லோரும் கைமாற்றிப் பார்த்த பிறகு அவன் பேசத் தொடங்கினான். இன்று நிறுத்துவதுதான் கஷ்டம்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்பது புத்தகத்தைப் பற்றியல்ல, முன்பின் தெரியாத ஆட்களைப் பற்றி. அது நியாயமான கேள்வி. கூட்டம் நடக்கும் கடையின் பெயரையும் நடத்துபவரின் தொலைபேசி இலக்கத்தையும் வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். பகல் வெளிச்சத்தில், பலர் வந்துபோகும் பொது இடத்தில் நடக்கும் கூட்டத்துக்கு மட்டுமே முதலில் போங்கள். யாருடைய வீட்டிலாவது நடக்கும் கூட்டமென்றால், ஆட்களை நன்கு அறிந்துகொள்ளும் வரை வேண்டாம். யாராவது தொந்தரவு கொடுத்தால் பொறுத்துக்கொண்டிராமல் நடத்துபவரிடம் சொல்லுங்கள். அவர் அதைச் சிரித்து மழுப்பினால் அக்கூட்டத்துக்கு அன்றே முற்றுப்புள்ளி வையுங்கள். 1938 என்ற மகளிர் உதவித் தொலைபேசி இலக்கம் உங்கள் கைபேசியில் இருக்கட்டும். இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒன்று உண்டு: முதல் முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, சந்தையையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் உங்கள் கூட்டம் முடிந்துவிடும். கடைக்குள் வந்து அந்த முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டாரென்றால், அடுத்த மாதம் அவரே பஸ் நேரத்தை நினைவூட்டுவார். ஒரு தாயார் இப்படித் துணைக்கு வந்து, இப்போது மகள் வராத மாதங்களிலும் எங்கள் வட்டத்துக்கு வந்துபோகிறார்.

ஹட்டனில் நீங்களே தொடங்குவது நடக்கக்கூடிய காரியம்தான்; நடக்கவும் வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் மாதாமாதம் கண்டிக்குப் போய்வருவது ஒரு வருடத்துக்கு மேல் யாராலும் தாங்காது. ஆனால் கண்டியில் இரண்டு மூன்று கூட்டங்களையாவது பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எதைச் செய்யலாம் என்பதோடு எதைச் செய்யக் கூடாது என்பதும் அங்கே தெரியும். ஆட்தொகையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்த வகை எழுத்தின் பெரும் பெயர்களில் ஒருவரான டோல்கீன், 1930களிலும் 1940களிலும் ஒக்ஸ்போர்ட்டில் இன்க்ளிங்ஸ் என்ற பெயரில் கூடிய ஒரு சிறு நண்பர் குழுவில்தான் தமது கையெழுத்துப் பிரதியைப் பகுதி பகுதியாக வாசித்துக் காட்டினார். வியாழக்கிழமை இரவுகளில் நண்பர் ஒருவரின் கல்லூரி அறையில் நடந்த அக்கூட்டத்துக்குச் சந்தாவும் இல்லை, நிருவாகக் குழுவும் இல்லை. நமக்கோ மூன்று பேர் சேர்ந்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும்! அதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் ஒரு மேசையும் மாறாத ஒரு நாளும் இருந்தால் போதும்.

இடத்துக்கு முதலில் பொது நூலகத்தைக் கேளுங்கள். நமது பொது நூலகங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் கீழ் இருப்பதால், நூலகருக்கும் சபைச் செயலாளருக்குமாக ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும். உள்ளே இருப்பவள் என்ற முறையில் ஓர் இரகசியம் சொல்கிறேன்: ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால், ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே எந்த நிகழ்ச்சியை நடத்துவது என்று நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருப்போம். அந்த நேரத்தில் ஒரு வாசகி தாமாக வந்து, "மாதம் ஒருமுறை மாயக் கதை வாசகர் கூட்டம் நடத்த அறை தருவீர்களா?" என்று கேட்டால், மறுக்கும் நூலகர் அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அறநெறிப் பாடசாலையும் பின்னர் டியூஷனும் இருப்பதால், இளைஞர்களுக்குச் சனிக்கிழமை பிற்பகலே வசதி. போயா நாளை நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம். அன்று நூலகம் பூட்டு.

புத்தகம்தான் பெரிய சிக்கலாக வரும். ஒரே நாவலின் ஐந்து பிரதிகள் ஹட்டனில் கிடைக்காது, வாங்குவதென்றால் விலையும் தாங்காது. எனவே, எல்லோரும் ஒரு நாவலை வாசித்து வருவது என்ற முறையைப் பின்பற்றாமல், அவரவர் வாசித்ததிலிருந்து ஒரு பத்து நிமிடப் பகுதியைத் தமிழில் சொல்லியோ வாசித்தோ காட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தால் புத்தகம் கைமாறட்டும். யாரிடம் எது போயிருக்கிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள், இல்லையென்றால் இரசிகர் மன்றம் இரவல் தகராறில் முடியும். வாட்ஸ்அப் குழு திகதியை அறிவிப்பதற்கு மட்டும் இருக்கட்டும். கதையை அங்கேயே பேசித் தீர்த்துவிட்டால் நேரில் வர ஆட்களுக்குக் காரணம் இருக்காது. நீங்கள் ஆசிரியை என்பதால் மாணவர்களும் வர விரும்புவார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு மட்டும் வரட்டும், அவர்கள் வீடு போய்ச் சேரும் நேரத்தை வைத்தே கூட்டத்தை முடியுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு நாள் வேண்டுமென்றால், இங்கிலாந்தில் 1969 இல் அமைக்கப்பட்ட டோல்கீன் சங்கம் 2003 முதல் ஒவ்வொரு வருடமும் மார்ச் 25ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடி வருகிறது. அன்று எங்கே இருப்பவர்களும் அவருடைய கதைகளில் ஒரு பகுதியைக் கூடியிருந்து வாசிக்கலாம். ஏன் அந்தத் திகதி என்பதைச் சொன்னால் கதையின் முடிவைச் சொன்னதாகிவிடும்; எதையும் கடைசிவரை முடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே விட்டுவிடுகிறேன்.

உடையைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். கதைமாந்தர்களைப் போல உடுத்துவது அதை விரும்புபவர்களுக்கு. அதற்கென்று ஒரு நாளை அறிவித்தாலன்றி வழமையான கூட்டத்துக்கு எல்லோரும் சாதாரண உடையில்தான் வருவார்கள், அறிவித்த நாளிலும் உடுத்தாமல் வருபவரை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை. பாடசாலைக்கு உடுத்தும் சேலை வேண்டாம், பஸ்ஸில் ஏறி இறங்க வசதியானது எதுவாயினும் சரி. கண்டி உங்களுக்கு வெக்கையாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பும்போது கினிகத்தேனை தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியே குளிர் ஏறத் தொடங்கும், ஹட்டனில் இறங்கும்போது மழையும் பிடித்திருக்கும். பையில் புத்தகத்தோடு ஒரு ஸ்வெட்டரையும் குடையையும் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை ஷொப்பிங் பையொன்றில் சுற்றி வைப்பது நல்லது, அது நூலகத்துப் புத்தகமாக இருந்தால் கட்டாயம் சுற்றி வையுங்கள்.